எடைச் சட்டை

அத்தியாயம் பன்னிரண்டு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஃபேனைக்கூட அணைத்துவிடுவார்கள். எடை போடும்போது காற்று அடிக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

அப்பா முழங்காலிட்டு உட்கார்ந்து எடைக் கருவிக்குக் கீழே ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். தரையில் இம்மி சாய்வு இருந்தாலும் அட்டைத் துண்டு சொருகிச் சரி செய்வார். வேலை செய்யும் இடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த ஐந்து கிலோ எடைக்கல்லை முதலில் ஏற்றி, கருவி உண்மை பேசுகிறதா என்று சோதிப்பார். இருபத்திரண்டு வருஷமாக எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பழகிய மனிதர். கருவியைச் சந்தேகப்படுவது அவருக்குச் சோறு போட்ட பழக்கம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூட மாடிப்படியில் சின்னவள் மயங்கி விழுந்தது இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சின்னவளுக்குப் பதினாறு வயது; அவள் அக்கா பெரியவள் வேலைக்குப் போகிறவள். சாப்பாட்டைக் கண்டால் அவளுக்குப் பயம். பசிக்கிறது, ஆனாலும் பயம். அதுவரை பிடிவாதம் என்றும் திமிர் என்றும் நினைத்துக்கொண்டிருந்த வீட்டில், இது ஒரு நோய் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

டாக்டரம்மா ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். அது என்ன எண் என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட கண்டிப்பு. நானும் சொல்வதாக இல்லை. கோடு என்று வைத்துக்கொள்வோம். கோட்டைத் தொடும் வரை சின்னவளுக்கு உயிரான நீச்சல் கிடையாது. இப்போது இருப்பதைவிட இன்னும் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும்.

“பட்டினி போட்ட உடம்பு கடைசியில இதயத்தையே கரைச்சுச் சாப்பிடும்” என்று அவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “அந்த இதயத்தோட தண்ணியில குதிச்சா, பாதி வழியில நின்னுடலாம்.”

அன்றிலிருந்து அப்பா நெருப்பை மடியில் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறார்.

டாக்டரம்மா இந்த ஊருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். நடுவில் வாரா வாரம் எடை பார்த்துச் செய்தி அனுப்ப வேண்டும். எடை போடுவதையே தொழிலாகக் கொண்டவர் வீட்டில் இருக்கிறார் என்றதும் அவருக்கும் ஒரு நிம்மதி. உங்களைவிட யார் சரியாகப் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தாராம்.

உள்ளாடையோடு எல்லோர் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று சின்னவள் முதல் நாளே அழுதாள். அதனால் அம்மா, திரைச்சீலைக்கு உள்துணியாகப் போடும் வெள்ளைத் துணியில் மிச்சமிருந்ததை எடுத்து, கையில்லாமல் முழங்கால் வரை தொங்குகிற மாதிரி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அம்மா வீட்டிலிருந்தே கடைக்குத் திரைச்சீலை தைப்பவள். அந்தச் சட்டைக்கு வீட்டில் எடைச் சட்டை என்று பெயர். அப்பா முதல் வாரமே அதைத் தனியாக நிறுத்துப் பார்த்தார். இருநூறு கிராம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிற எண்ணில் அந்த இருநூறைக் கழித்துவிடுவார்.

இன்று பத்தாவது சனிக்கிழமை.

சின்னவள் எடைச் சட்டையோடு வந்து ஏறி நின்றாள். எண் ஓடியது, தயங்கியது, நின்றது. அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மனதுக்குள் இருநூறைக் கழித்தார்.

“தொட்டுட்ட பாப்பா” என்றார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. சந்தோஷத்தில் “ஏய் உரு...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். குழந்தையாக இருந்தபோது அவளை எல்லோரும் உருண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், அவளும் குடுகுடுவென்று ஓடி வருவாள். அந்தச் செல்லப் பெயர் எந்த நாளில் அவளுக்குள் முள்ளாக மாறியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது அந்தச் சொல்லுக்கு வீட்டுக்குள் தடை.

சின்னவள் அதைக் கேட்காதது போல் இறங்கி, நீச்சல் பயிற்சியாளர் கொடுத்திருந்த சம்மதக் கடிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள். பள்ளி அணிக்கான தேர்வு இன்று மதியம் இரண்டரைக்கு. டாக்டரம்மா புதன்கிழமை வருகிறார், அவர் பார்த்த பிறகு போகலாமே என்று அம்மா இழுத்தாள். புதன்கிழமை வரைக்கும் தேர்வு காத்திருக்காதே என்றாள் சின்னவள். கோட்டைத் தொட்டால் விடுவதாகச் சொன்னது நீங்கள்தானே என்று அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா கையெழுத்துப் போட்டார். பத்து வாரத்தில் அவள் அவரைக் கட்டிக்கொண்டது அப்போதுதான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் புத்தி போகாமல், எடைச் சட்டையின் கீழ் விளிம்பைப் பார்த்துப் பெருமைப்பட்டாள். “எவ்வளவு நேரா விழுது பாருங்க. கடைக்குத் தைக்கிறதுகூட இப்படி விழாது” என்றாள். சின்னவள் சட்டென்று அறைக்குள் போய்த் துணி மாற்றிக்கொண்டாள். எடைச் சட்டையைத் துவைப்பதும் மடிப்பதும் அவளேதான். பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா அதற்கும் சந்தோஷப்பட்டிருந்தாள்.

* * *

அப்பாவின் எடைமேடை, பழைய இரும்புக் கிடங்கின் வாசலில் இருக்கிறது. காலி லாரி முதலில் மேடை ஏறும். எடை போட்டதும் உள்ளே போய் இரும்பு ஏற்றிக்கொண்டு வரும். மறுபடி மேடை. இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் சரக்கின் எடை. இவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த முதல் எண்ணைக் கூட்டிக் காட்டி விளையாடத்தான் டிரைவர்கள் அத்தனை பேரும் மூளையைக் கசக்குவார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருவார்கள், உள்ளே போனதும் திறந்துவிடுவார்கள். சீட்டுக்கு அடியில் கல்லை வைத்திருப்பார்கள். அப்பா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். அவர் காதில் பூ சுற்ற எந்த டிரைவராலும் முடிந்ததில்லை.

இன்று அவர் வந்ததிலிருந்தே சிரித்த முகம். காசாளரிடம், காவலாளியிடம், தேநீர் கொண்டுவருபவரிடம், பெண் இன்றைக்கு நீந்தப் போகிறாள் என்று சொல்லி முடித்துவிட்டார்.

மணி ஒன்றே கால். வரிசையில் ஏழெட்டு லாரி. தினமும் வரும் மீசைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நேற்று காலையில்தான் இந்த வண்டியைக் காலியாக நிறுத்தீர்கள், அதே எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், நேராக உள்ளே போய்விடுகிறேன் என்று கெஞ்சினார். தினமும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பதுதான். அப்பாவும் தினமும் சொல்கிற பதிலையே சொன்னார்.

“நேத்து இருந்த மாதிரியே இன்னைக்கும் வண்டி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? காலி எடைய ஒவ்வொரு தடவையும் போடணும். இல்லன்னா மத்ததெல்லாம் பொய்.”

சொன்ன வாய் மூடவில்லை. மீசைக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியை மேடையில் ஏற்றினார். திரையில் எண் நின்றது. அப்பா அதை எழுதவில்லை.

எடைச் சட்டையை அவர் ஒரே ஒரு முறைதான் நிறுத்திருக்கிறார். முதல் வாரம். அதற்குப் பிறகு ஒன்பது வாரம் பழைய எண்ணையே கழித்துக்கொண்டிருக்கிறார்.

சீ, என்ன நினைப்பு இது, பெற்ற பெண் என்ன லாரியா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனால் தொழில் புத்தி ஒரு தடவை விழித்துக்கொண்டால் தூங்காது. வாரா வாரம் எவ்வளவு ஏறியது என்று விரல் விட்டுப் பார்த்தார். இருநூறு கிராம். அதற்கடுத்த வாரமும் இருநூறு. ஒன்பது வாரமும் அதே இருநூறு. ஒரே கிடங்கில் ஒரே சரக்கு ஏற்றுகிற லாரிகூட நடைக்கு நடை கூடும் குறையும். இப்படிக் கச்சிதமாக ஏறுகிற எண்ணை வேறு யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால், இறங்குடா கீழே என்று சொல்லியிருப்பார்.

 ஃபோனை எடுத்து வீட்டு எண்ணைப் போட்டார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

* * *

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எடைச் சட்டையை எடுத்து நிறுத்துப் பார் என்றால், காலையில்தானே அவள் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள் என்றாள். அப்பா மறுபடியும் சொன்னார். வெறும் சட்டையை மட்டும் நிறு. குரல் ஒரு மாதிரி இருந்தது. அவள் மேலே ஒன்றும் கேட்காமல் ஃபோனைக் காதில் வைத்தபடியே சின்னவளின் அறைக்குப் போனாள்.

அலமாரியின் கடைசித் தட்டில், கம்பளிகளுக்கு அடியில் இருந்தது. ஒரு கையால் இழுத்தாள். வரவில்லை. பிறகு வந்தது, வந்த வேகத்தில் கையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. துணி விழுகிற சத்தம் இல்லை அது.

அம்மா உட்கார்ந்து கீழ் விளிம்பைத் தடவினாள். அவள் தைத்தது ஒரே ஒரு மடிப்பு. இப்போது உள்பக்கம் நாடா வைத்து, அறை அறையாகத் தடுத்து, மூன்று அடுக்கு. கத்தரிக்கோலால் ஒரு அறையைப் பிரித்தாள். பட்டனைவிடக் கொஞ்சம் பெரிய ஈய வில்லை ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. அதை அவள் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டாள். திரைச்சீலை சுருங்காமல் நேராகத் தொங்குவதற்கு விளிம்பில் வைத்துத் தைக்கிற வில்லை. போன மாதம் வில்லைப் பையில் பாதி குறைந்தபோது, அளவு குறைத்துக் கொடுத்தாய் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வந்திருந்தாள்.

எடைக் கருவியில் வைத்தாள். சட்டை இரண்டு கிலோவைத் தாண்டியது.

“எவ்வளவு?” என்றார் அப்பா.

சொன்னாள்.  அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

அப்படியென்றால் அவள் கோட்டைத் தொடவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. முதல் சனிக்கிழமை ஏறி நின்றபோது இருந்ததைவிடக் கீழே இருக்கிறாள். அந்த உடம்போடு தண்ணீரில் இறங்கப் போகிறாள், அப்பாவின் கையெழுத்தோடு.

“நான் கிளம்பறேன். நீ அந்தக் கோச்சுக்கு ஃபோன் போட்டுக்கிட்டே இரு. விடாத” என்றார் அப்பா.

அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை, பள்ளி அலுவலகமும் பூட்டிக் கிடந்தது. மறுபடியும் அந்தச் சட்டையின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் தையலைக் கவனித்தாள்.

கையால் போட்ட தையல். நெருக்கமாக, ஒரே அளவாக இருந்தது. சின்னவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு தையலும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இந்த வீட்டில் அப்படித் தைப்பது ஒரே ஒருத்திதான். இடக்கைக்காரி. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெரியவள்.

 அம்மா பெரியவளை ஃபோனில் கூப்பிட்டாள்.

“சட்டைய நான் பிரிச்சுட்டேன்” என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பெரியவள் உடனே அழவில்லை. வாடிக்கையாளரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எங்கேயோ ஒதுங்கி வருகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில் பேசினாள்.

“ஆஸ்பத்திரியில சேத்தா உயிரோட இருக்க மாட்டேன்னு சொன்னாம்மா. கால்ல விழுந்தா. நான் தச்சுக் கொடுத்தா, தினமும் என் முன்னால உக்காந்து ஒரு வேளை முழுசா சாப்பிடறேன்னு சத்தியம் பண்ணா. சாப்பிடவும் செஞ்சா. நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் பாத்ரூமுக்குப் போவா. குழாயைத் திறந்துவிட்டுடுவா. எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன். ஒரு வாய் தங்கினாக்கூடப் போதும்னு நினைச்சேன்.”

இன்றைக்கு நீந்தப் போயிருக்கிறாளே, அதுவாவது உனக்குத் தெரியுமா என்று அம்மா கேட்டாள்.  பெரியவள் அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். நீந்த மாட்டேன், சும்மா தோழிகளோடு உட்கார்ந்து பார்க்கத்தான் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தாளாம் சின்னவள். அதற்கும் ஒரு சத்தியம்.

* * *

நீச்சல் குளத்தின் உடை மாற்றும் அறையில் சின்னவள் இரண்டு கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. அவளுக்குக் குளிர்ந்தது. நகங்கள் நீலமாகியிருந்ததால் கையை முஷ்டியாக மூடி வைத்திருந்தாள்.

இங்கே எடைச் சட்டை கிடையாது. நீச்சலுடைதான். எல்லோரும் பார்ப்பார்கள். எதிரே இருந்த நீளக் கண்ணாடியில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பழைய உருண்டைதான். எத்தனை பேர் எத்தனை தடவை வேறு விதமாகச் சொன்னாலும், கண்ணாடி இன்றுவரை அவளிடம் வேறு எதையும் காட்டியதில்லை.

பக்கத்தில் தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்த வகுப்புத் தோழி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எப்படிடி இவ்வளவு ஒல்லியான? குடுத்து வச்சவ நீ” என்றாள். உண்மையான பொறாமையோடுதான் சொன்னாள், பாவம். அந்த ஒரு வார்த்தையைச் சின்னவள் இன்னும் ஒரு வாரத்துக்கு வைத்து வைத்து நினைத்துக்கொள்வாள் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்.

குளத்துக்கு ஏறும் பன்னிரண்டு படிகளை ஏறும்போது மார்புக்குள் ஏதோ தடுக்கியது. ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது தடாலென்று விழுந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், நிஜமாகவே நினைத்தாள்.

ஆனால் தண்ணீர் அங்கே இருந்தது. ஒன்றரை வருஷமாக அவள் தலைக்குள் ஒரு குரல், இதைத் தின்றாயா, அதைத் தின்றாயா, நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று விடாமல் நச்சரிக்கிறது. தண்ணீருக்குள் தலையை விட்டால் மட்டும் அது வாயை மூடும். அணி, பதக்கம் எல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். அந்த ஒரு நிமிஷ அமைதிக்காகத்தான் இத்தனை பொய்யும்.

கம்பளிச் சட்டைகளைக் கழற்றினாள். பயிற்சியாளர் பெயர்ப் பட்டியலிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்வை ஒரு நொடி அதிகமாகவே நின்றது. கையிலிருந்த சம்மதக் கடிதத்தைப் புரட்டி, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. நான்காவது வரிசையைக் காட்டினார்.

* * *

அப்பா வழியில் எத்தனை சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்று அவருக்கே நினைவில்லை. எந்தத் தெய்வத்தை வேண்டிக்கொண்டார் என்றும் நினைவில்லை. குளத்தின் வாசலில் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்டார். என் பெண் உள்ளே இருக்கிறாள் என்றார் அப்பா. எல்லோருடைய பெண்ணும்தான் உள்ளே இருக்கிறாள் என்றார் காவலாளி. அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு அப்பா ஓடியபோது விசில் சத்தம் கேட்டது.

ஆறு உடல்கள் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தன.

நான்காவது வரிசை. நீலத் தொப்பி. அவள்தான்.

அப்பா கத்தினார். தண்ணீருக்குள் இருப்பவளுக்கு எப்படிக் கேட்கும். பயிற்சியாளரின் சட்டையைப் பிடித்து, அவளை நிறுத்துங்கள், அவளுக்கு இதயம் சரியில்லை என்றார்.  பயிற்சியாளர், நீங்கள்தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் விசிலை ஊதினார். ஊதிக்கொண்டே கரையோரம் ஓடினார். நீந்துகிறவர்கள் யாரும் நிற்கவில்லை.

அவள் நன்றாக நீந்தினாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கை நீண்டு, தோள் திரும்பி, தண்ணீர் அவளுக்கு வழி விட்டது போல் இருந்தது. எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பியபோது இரண்டாவதாக இருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தான் பயந்ததெல்லாம் வீண் என்று அப்பா நம்ப ஆசைப்பட்டார்.

திரும்பி வரும்போது வலது கை உயர்ந்தது. இடது கை உயர்ந்தது, தாமதமாக. மறுபடியும் வலது கை உயர வேண்டிய நேரத்தில் உயரவில்லை. நீலத் தொப்பி அப்படியே மிதந்தது, மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தது.

அப்பா செருப்போடும் சட்டையோடும் குதித்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பக்கம் மார்பளவு ஆழம் என்பதுகூடக் குதித்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடந்து போய், அவளை அள்ளி, முகத்தை மேலே திருப்பினார். பயிற்சியாளர் மறுபக்கத்திலிருந்து நீந்தி வந்து சேர்ந்தார். இருவருமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

தண்ணீருக்குள் எல்லாமே லேசாகத்தான் இருக்கும். விளிம்பில் ஏற்றுவதற்காக அவளைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கியபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. மூட்டையை ஒரு தடவை தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுகிற கைகள் அவருடையவை. பத்து வாரமாகக் கருவியைப் பார்த்தாரே தவிர, ஒரு தடவையாவது அவளைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். அவருக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது.

முதலுதவிப் பெண் ஓடி வந்து துண்டுகளைப் போர்த்தி, மணிக்கட்டைப் பிடித்து நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சின்னவள் இருமினாள், தண்ணீர் வந்தது. கண்ணைத் திறந்தாள். குனிந்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“தெரிஞ்சுடுச்சாப்பா?”

“ம்.”

“அக்காவைத் திட்டாதீங்க. நான்தான் அழுது அழுது தைக்க வெச்சேன்.”

அக்காவா என்று கேட்க அப்பாவின் வாய் திறந்தது. அவருக்கு அந்தப் பாதி கதை இன்னும் தெரியாது. அம்மா அதைத் தன்னோடு வைத்துக்கொண்டு, வீட்டில் ஈய வில்லைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்கிற நேரம் இதில்லை என்று அப்பா வாயை மூடிக்கொண்டார். யாரையும் திட்ட மாட்டேன் என்றார்.

 சின்னவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கே பயமா இருக்குப்பா. நிறுத்தணும்னுதான் பாக்கறேன். என்னால நிறுத்த முடியல.”

கண்கள் சொருகின. முதலுதவிப் பெண், தூங்க விடாதீர்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள்.

அப்பா பேச நினைத்தார். மூன்று மாதமாக அவர் தன் பெண்ணிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார், ஏறி நில் என்று சொல்லியிருக்கிறார், இறங்கு என்று சொல்லியிருக்கிறார். இந்த மூன்றையும் தள்ளிவிட்டால் அவளிடம் சொல்வதற்கு அவரிடம் வேறு வார்த்தையே இல்லை. தேடித் தேடிப் பார்த்தார்.

“எனக்கும் பயமா இருக்கு பாப்பா” என்றார். “மாடிப்படியில விழுந்த அன்னையிலேருந்து பயமா இருக்கு. உன்கிட்ட சொல்லத் தெரியல.”

அவள் விரல்கள் அவர் சட்டைக் கையை ஒரு முறை இறுக்கின. பிறகு தளர்ந்தன. வாசல் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. மணிக்கட்டைப் பிடித்திருந்த பெண் எண்ணுவதை நிறுத்திவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.